பிஷப் ஏறாத கார்

விழிஞ்ஞம் பஸ்ஸில் ஆர்ஷா, பக்கத்து சீட்டு ராஜபாயிடம் போனை நீட்டினாள்.

"பாருங்க ஆன்ட்டி, நம்ம சி.எஸ்.ஐ. சபை புது பிஷப்! சபை குடுத்த காரு வேண்டாம்னு பஸ்ல நின்னுட்டுப் போறாரு. எவ்வளவு எளிமை!"

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "எல்லாம் போட்டோவுக்குத்தான்."

ராஜபாய்க்குச் சுருக்கென்றது. "போட்டோ எடுத்தா கண்ணை மூடுற மனுசன் சாரே அவரு. நாடகமெல்லாம் தெரியாது. ஆனா, காரு குடுத்தா ஏறிப் போக வேண்டியதுதானே? அறுபத்திரண்டு வயசுல இப்படி நின்னா முட்டு வலிக்காதா?"

ஆர்ஷா சிரித்தாள். "அவரு முட்டுவலி உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"கட்டினவளுக்குத் தெரியாதா மக்ளே? எளிமை அவருக்கு; வீட்டுக்கு வந்தா தைலம் தேய்க்கிற வேலை எனக்கில்லா!"