உருளையில் ஒரு கீறல்

“கையுறையை மாட்டிக்கிட்டு அப்புறம் தொடுங்க” என்றார் டெல்மர்.

ஹாலிஸ் மறுபேச்சில்லாமல் வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டார். இதை வாங்குவதற்காகவே கான்சாஸிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர். டல்சா துப்பாக்கிச் சந்தையில் அவர் ஒரு பழைய ரிவால்வரைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டெல்மர் அட்டைப்பெட்டியைத் திறந்து மெழுகுத் தாளை விலக்கினார். நீலம் ஓடிய கறுப்பில் பளபளவென்று கிடந்தது ரிவால்வர்.

சந்தைக்குள் வரும் எல்லாத் துப்பாக்கிக்கும் யாரும் சுட முடியாதபடி வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கோத்துவிடுவார்கள். பட்டை உரசிவிடும், அடியில் துணி வைத்துக் கட்டு என்று டெல்மர் காலையில் காவலரோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தார். பின்னால் நின்ற வரிசை முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒன்பதாயிரம் டாலர். அதில் ஒரு காசு குறைக்கப் போவதில்லை. நாற்பதாவது கல்யாண நாளுக்கு மனைவி வெல்டாவை அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடல் தெரியும் ஜன்னல் வைத்த அறை.

“கம்பெனிக்காரன் நிறுத்தினப்புறம்தான் எல்லாருக்கும் கண்ணு திறந்துச்சு” என்று ஆரம்பித்தார். “ஒவ்வொரு பாகத்தையும் ஆள் உட்கார்ந்து கையால அரம் போட்டு ராவிச் சேர்த்தது. கூலி கட்டுப்படியாகலேன்னு மூடிட்டான். இனிமே வராது. வந்ததையும் சுட்டுச் சுட்டே தேய்ச்சுட்டாங்க. இது மட்டும் நாற்பது வருஷமா ஒரு வேலையும் செய்யலை. அதுக்குத்தான் இந்த விலை.”

“வேலையே செய்யாததுக்கு ஒன்பதாயிரமா? அப்போ உன்னையும் மேசை மேல ஏத்தி வைக்கலாம்” என்றாள் வெல்டா, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமைக் கொறித்துக்கொண்டே.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார். கூட்டம் சிரித்துவிட்டால் அவருக்கு நாக்கு அரிக்கும். பிக்கப் வண்டிக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்.

எண்பத்தெட்டாம் வருடத்துத் தேங்ஸ்கிவிங் நாள். ஊரே வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த மதியத்தில் இவர் முட்ட முட்டக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவை உதைத்தார். உள்ளே ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். சரிதான், மகராசி தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் என்று போய்த் தன் பிக்கப்பிலேயே படுத்துவிட்டார். விழித்தபோது வண்டி முகப்பில் ஒரு தட்டு நிறைய வான்கோழியும் உருளைக்கிழங்கு மசியலும் ஆறிப்போய் இருந்தன. அதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அன்றோடு விட்ட குடிதான். தன் மன உறுதியைப் பற்றி டெல்மருக்கு ரொம்பப் பெருமை.

அந்த வாரம் வெல்டாவின் இடது கையில் இருந்த மாவுக்கட்டு மட்டும் கதையில் வராது.

ஹாலிஸ் பூதக்கண்ணாடியை உருளையின் மேல் வைத்து, குண்டறை குண்டறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்றார். விளக்கைக் கிட்டே இழுத்தார்.

“இதை இயக்கியிருக்காங்களே.”

“வாய்ப்பே இல்லை” என்றார் டெல்மர்.

ஹாலிஸ் கண்ணாடியை அவரிடம் நீட்டினார். டெல்மர் குனிந்து பார்த்தார். உருளையின் வெளிப்பக்கத்தில் இரண்டு குழிகளுக்கு நடுவில், தலைமுடியைவிட மெல்லிதாக ஒரு கீறல். ரிவால்வரின் உருளை சுழன்றால் மட்டுமே விழும் கீறல்.

“முழுச் சுத்துகூட இல்லை” என்றார் ஹாலிஸ். அவர் குரலில் இப்போது மரியாதைதான் இருந்தது. “ஒரே ஒரு குண்டறை தூரம்தான் நகர்ந்திருக்கு. யாரோ துப்பாக்கியோட சுத்தியலை ‘கிளிக்’னு ஒரு தடவை பின்னால இழுத்திருக்காங்க. சுடலை. அப்படியே மெதுவா இறக்கி வச்சிருக்காங்க. நல்ல நிதானமான கை. ஆனா, பாதி விலைதான் தர முடியும்.”

டெல்மரின் காது மடல் சிவந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாதம் வாங்கியது. தான் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. ஆசை வந்த நாளெல்லாம் பெட்டியைத் திறந்து, பார்த்துவிட்டு மூடியதோடு சரி.

“என் வீட்டுல இதை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை, ஹாலிஸ். தொட்டிருந்தா எனக்குத் தெரியாதா?”

“அவர் சொல்ற விலைக்கே கொடுத்துடு, டெல்மர்” என்றாள் வெல்டா. “ஜன்னல் இல்லாத அறையா இருந்தாப் பரவாயில்லை. நான் மேல்தளத்துல நின்னு கடலைப் பார்த்துக்கிறேன்.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. எவன் தொட்டான்னு…”

வெல்டா பாதாம் பொட்டலத்தின் வாயை மடித்தாள். விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ பிக்கப்புல படுத்த அன்னைக்கு நம்ம கதவுக்குத் தாழ்ப்பாள் ஏது? மறு வருஷம்தானே நீ வாங்கிப் போட்டே.”

பக்கத்து மேசையில் யாரோ பழைய சிரிப்பின் மிச்சத்தைச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் கண்ணாடியை இன்னும் கையில் பிடித்திருந்தார்.

ஹாலிஸ் பாதி விலையை மறுபடி சொன்னார்.

டெல்மர் பேரம் பேசவில்லை.