நகத்தளவு ஜன்னல்

“உள்ளே ஆள் இருக்கணும். ஆனா வெளியிலேருந்து பார்த்தா முகம் தெரியக் கூடாது,” என்று சொல்லிக்கொண்டே போட்டோ ஸ்டுடியோக்காரர் வீட்டுக் கூரையை இரண்டு விரலால் தூக்கினார் ரயில் டிரைவர்.

கூரை உள்ளங்கைக்குள் அடங்கியது. அட்டையில் செய்த அந்த மாடி வீட்டுக்கு முன்னால் விரலகலத் தண்டவாளம் ஓடியது. அதைக் குறுக்கே வெட்டும் தெரு, கேட் இல்லாத கிராசிங், நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை வேன்.

இருபது வருடங்களாக லீவு நாட்களில் மாதிரி ரயில் கட்டுகிறவர். இதை மட்டும் பொழுதுபோக்குக்காகக் கட்டவில்லை. நிஜ வேனில் இருந்த மூன்று பேர் இவர் ஓட்டிய ரயில் மோதிச் செத்து நான்கு மாதம் ஆகிறது. டிரைவர் ஹாரனே அடிக்கவில்லை என்று தெருவே திரண்டு சாட்சி சொல்லியிருந்தது. நாளை காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அதில் தோற்றால் வேலை போகும்; பிறகு ஜெயில்.

“அடிச்சேன். மூணு தடவை அடிச்சேன்,” என்றார் நூறாவது தடவையாக.

“எனக்குத் தெரியாதா?” என்றாள் மனைவி, கையிலிருந்த ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? நீ அன்னைக்கு உன் தங்கச்சி வீட்ல இருந்தே. செத்த மூணு பேரும் அந்தத் தெருக்காரங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?”

ஜன்னல் வேலையெல்லாம் அவளுடையது. ஜன்னல் வெறுமையாக இருந்தால் பின்சுவர் வரை தெரிந்து, வீடு வெறும் அட்டைப் பெட்டி என்ற குட்டு உடைந்துவிடும். அதனால் உட்சுவருக்குக் கறுப்புப் பூச வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். அதன் பின்னால் திரை.

கீழே ஸ்டுடியோவுக்குப் பட்டைத் திரை. வெள்ளைத் தாளில் பென்சிலால் நெருக்கமாகக் கோடு கிழித்து ஒட்டினாலே போதும், அடுக்கடுக்கான பட்டைகள் என்று கண் நம்பிவிடும். துணித் திரைதான் பொறுமையைச் சோதிக்கும். மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, வரிசையாகப் படுக்க வைத்த ஊசிகளின் மேல் அழுத்திக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு ஊசிகளை உருவினால், மடிப்பு கலையாமல் நிற்கும்.

“நீங்க முதல்ல செஞ்சது கசங்கின பஸ் டிக்கெட் மாதிரி இருந்துச்சு,” என்றாள்.

“ரயில் ஓட்டுற கை. ஊசி ஓட்ட வருமா?” என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “மாடி ஜன்னல் திரையை மட்டும் பாதி விலக்கி ஒட்டு.”

“சரி.”

“கண்ணை மூடினா அதுதான் வருது. மூணாவது ஹாரனுக்கு அந்தத் திரை விலகுச்சு. ஒரு கை தெரிஞ்சுது. சத்தம் கேக்காம யாராவது வந்து எட்டிப் பார்ப்பாங்களா? என்ஜின்லேருந்து அந்த ஜன்னல் நேராத் தெரியும்னு நாளைக்கு இதை வெச்சுக் காட்டப்போறேன். அந்தக் கைக்கு உரியவன் ஒரு வார்த்தை சொன்னா நான் தப்பிச்சேன்.”

“மாடி அன்னைக்குப் பூட்டிக் கிடந்துச்சுன்னு ஸ்டுடியோக்காரர் எழுதிக் குடுத்துட்டாரே.”

“நம்ம கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த மனுஷன்! என் மூஞ்சியப் பார்த்தே பொய் சொல்றான். கெஞ்சப் போனேன், மாடிப்படியில காலை வைக்க விடல. தெருவுல நின்னு படம் பிடிச்சுத்தானே இந்த வீட்டையே கட்டினேன்.”

அவள் சுண்டுவிரல் நகத்தளவு ஜன்னலுக்குப் பின்னால் திரையை இடுக்கியால் பிடித்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினாள். பிறகு ஒற்றை மயிர்த் தூரிகையால் உள்ளே எதையோ தீட்டினாள். வெகுநேரம் தீட்டினாள்.

வேலை முடிந்ததும் டிரைவர் வீட்டைத் தூக்கித் தெருப்பக்கமிருந்து பார்த்தார். படத்தில் இருந்த அதே வெள்ளைத் திரை, அவர் சொன்னபடி பாதி விலகி. எந்த வீட்டிலும் திரையின் பூவேலை உள்ளே இருப்பவர்களுக்குத்தான். தெருவுக்குக் கிடைப்பது வெளுத்த முதுகு.

அடுத்து பூதக்கண்ணாடியைக் கூரையில்லாத மேல்பக்கம் கொண்டுபோனார். சிரிப்பு வந்துவிட்டது.

“மஞ்சள் கரை, நீல இலை... ஓரத்துல கிழிசலைச் சிவப்பு நூல்ல தைச்ச மாதிரி ஒரு கோடு வேற! கூரையைப் போட்டா ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. உள்பக்கத்துக்கு எதுக்கு இவ்வளவு கற்பனை?”

அவள் சிரிக்கவில்லை. கூரையை மூடுவதற்காக எடுத்த கை பாதியில் நின்றது.

“நாளைக்கு உங்களை உள்ள போட்டுட்டா...” என்று ஆரம்பித்தாள்.

“ஏய், அழாதே. இந்த ஜன்னலைப் பார்த்தாவது அவனுக்கு மனசாட்சி உறுத்தாதா?”

மேசையில் கிடந்த ஊசிகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். கடைசி ஊசியையும் போட்டு மூடிய பிறகுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஹாரன் கேட்டுத்தாங்க நான் அந்தத் திரையை விலக்கினேன்.”