மிசஸ் டிட்வெல் கொண்டுவந்த கோழி

ஜார்ஜியாவில் அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரி மிசஸ் டிட்வெல். குத்தகைக்காரன் வீட்டுப் படியை அவள் மிதித்ததே இல்லை. இன்று பொரித்த கோழியோடு வந்து நின்றதும் குத்தகைக்காரன் மனைவி வான்சீலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“உள்ள வாங்கம்மா! உங்க பையனும் எங்க வீட்டுக்காரரும் விடியறதுக்குள்ளயே மான் வேட்டைக்குப் போயிட்டாங்க.”

“தெரியும். நீ சாப்பிட்டியா?”

“அவர் வந்துரட்டும். கோழின்னா எலும்பைக்கூட விடமாட்டார்.”

மிசஸ் டிட்வெல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “என் பையன் அவசரக்காரன்தான். ஆனா கெட்டவன் இல்ல. நீயே சொல்லு, கெட்டவனா?”

“ஐயோ, தங்கமான பிள்ளையாச்சே!”

“யார் கேட்டாலும் இதையே சொல்லுவியா?”

“சத்தியமா சொல்லுவேம்மா.”

அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, மிசஸ் டிட்வெல் விடுவிடுவென்று காரேறிப் போய்விட்டாள்.

பெரிய மனுஷி தன்னையும் மதித்து வந்துவிட்டாளே என்று வான்சீலுக்குப் பூரிப்பு. கோழியைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, பாத்திரத்தைக் கழுவக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் ‘டிட்வெல்’ என்று எழுதியிருந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் பாத்திரத்தில் பெயர் ஒட்டுவது, பல வீட்டுப் பாத்திரங்கள் வந்து குவியும் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மட்டும்தான்.

செம்மண் பாதையில் ஷெரீப்பின் போலீஸ் கார் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது.