மாப்பிள்ளை வந்த சைக்கிள்

மாடி ஜன்னலிலிருந்து அவள் முதலில் பார்த்தது சைக்கிளைத்தான். மாப்பிள்ளையை அப்புறம்தான்.

பெண் பார்க்க வருகிறவன் சைக்கிளிலா வருவான்?

இவன் வந்தான்.

அவனைப் பெற்றவர்கள் வாடகைக் காரில் முன்னாலேயே வந்து இறங்கி, கூடத்தில் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பையன் நேராக வந்துவிடுவான் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடி வந்துவிட்டான். வியர்வை சொட்டச் சொட்ட.

கரும்பச்சை நிறம். ஒல்லியான இரும்புக் குழாய்கள். மலைப்பாதைக்கான சைக்கிள்தான், ஆனால் முன்பக்கம் ஸ்பிரிங் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. டயர் மட்டும் தடிமன். அதில் காய்ந்த செம்மண். குழாய்களுக்கு நடுவில் ஒரு பை. சீட்டுக்கு அடியில் ஒரு பை. ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய கூடாரம்.

கூடாரம்!

அப்படியானால் இவன் இங்கே காபி குடித்துவிட்டு, இப்படியே எந்த மலைக்கோ போகப் போகிறான்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்த்தாள்.

கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், இன்னும் வால்பாறையைப் பார்த்ததில்லை. ஆபீசுக்கு பஸ். கோயிலுக்கு அப்பாவோடு கார். வேறு எங்கே போக வேண்டும் என்றாலும் இந்த வீட்டில் ஒரே பதில்தான். கல்யாணம் ஆகட்டும், புருஷனோடு போய்க்கோ.

சரி, இதோ போகத் தெரிந்த ஒருத்தன். இவனைக் கட்டிக்கொண்டால் போகலாம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் சம்மதம் சொல்லத் தயாராகிவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழே, வாசலுக்கு முதல் ஆளாக ஓடியவர் அக்கா வீட்டுக்காரர் பூபதி.

பூபதியிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. தெருமுனைக் கடையில் கறிவேப்பிலை வாங்கவும் அதில்தான் போவார். அதன் பேன்சி நம்பரைப் பற்றித் துக்க வீட்டில்கூடப் பேசுவார். மனுஷனிடமிருந்து அந்தக் காரைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒரு தொப்பைதான்.

சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“பால்காரன் எங்க இந்நேரத்துலன்னு பாத்தனுங் மாப்ள.”

வீடே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். செம்மண் பட்ட டயரைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங் தம்பி, எப்பவுமே இதுலதானுங்களா?”

அவள் காபித் தட்டோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

ஆமாம் என்று சொல்லு. மனசுக்குள் கெஞ்சினாள். சாமி, ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லு.

அவன் பூபதியைப் பார்த்தான். வெள்ளைக் காரைப் பார்த்தான். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

“ஐயோ, இல்லைங்க. இது ஃப்ரெண்டோட சைக்கிளுங்க. நம்ம கார் சர்வீஸ்ல இருக்குது.”

அவனுடைய அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். பிறகு ஆமாமுங்க என்றார்.

அப்படிப் போடு! வீட்டுக்கு உயிர் வந்தது. என்ன கார், எந்த மாடல், மைலேஜ் எவ்வளவு என்று பூபதி ஆரம்பித்துவிட்டார். பால்காரன் ஒரே நிமிஷத்தில் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அப்பா தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

அவள் காபியை நீட்டினாள். வாங்க வந்த கையைப் பார்த்தாள்.

விரல்கள் கறுத்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலேயும் கறுப்பு. நடுவில், விரலில்லாத கையுறை மூடும் இடம் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

இரவல் சைக்கிளில் ஒரு மத்தியானம் வந்தவனுக்கு விழும் கறுப்பா அது? வருஷக்கணக்கில் வெயில் வேண்டும்.

சீ என்றாகிவிட்டது அவளுக்கு.

மலை ஏறுவானாம். காட்டில் தனியாகப் படுப்பானாம். பூபதிக்குப் பயப்படுவானாம். போயும் போயும் பூபதிக்கு!

புறப்படும்போது பூபதிதான் மறுபடியும் உபசரித்தார்.

“இந்த வெயில்ல எதுக்குங் மாப்ள அது? காருலயே போயிருங்க. உங்க ஃப்ரெண்ட வந்து எடுத்துக்கச் சொல்லிருங்க.”

அவன் கூடாரத்தை ஒரு தரம் பார்த்தான்.

வாடகைக் காரில் ஏறி, தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் அவளுடைய அம்மா ஓடிவந்தாள்.

“ஏங்கண்ணு, புடிச்சிருக்குதா?”

“வேண்டாம்மா.”

“கார்கூட இருக்குதாமுல்ல! அப்புறமென்ன?”

இந்த வீட்டில் யாருக்கு என்னவென்று சொல்வது? மாடிக்குப் போனாள். பட்டுப்புடவையை உருவிக் கட்டிலில் வீசினாள். மல்லிகைப்பூவையும் எடுத்து அதன்மேல் போட்டாள். சுடிதாரில் இறங்கி வந்து, நேராக வாசலுக்குப் போனாள்.

சைக்கிள் கேட்டில் சாய்ந்து நின்றது. சீட் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. சீட்டுக் குழாயின் பிடியைத் தளர்த்தி, ஒரு சாண் இறக்கி, இறுக்கினாள். பள்ளிக்கூடத்தோடு விட்டதுதான். மறந்துபோகிற வித்தையா அது?

காலைத் தூக்கிப் போட்டாள்.

“அடி ஆத்தா! ஏம்புள்ள, யாருது வண்டி அது?” அம்மா கூடத்திலிருந்தே கத்தினாள்.

“யாரும் தன்னுதுன்னு சொல்லலையேம்மா.”