ஒருத்தி கண்ணாடிக்கு மட்டும்

பந்தல்காரர் ஆவுடையப்பன் போட்ட பந்தல் எரிந்து இரண்டு பேர் செத்தபோது, செய்திக்காரன் கிருபாகரன் ஒரு காரியம் செய்தான். அவர் தன் பேத்தியின் காதுகுத்தில் சிரித்த படத்தை எடுத்து, எரிகிற பந்தலுக்கு அடுத்தாற்போல் ஒட்டினான். சிரிப்பை மெதுவாக ஓடவிட்டு, அடியில் சாவுக்கு அடிக்கிற உறுமி மேளச் சத்தம் போட்டான். பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து, பார்க்கிற ஆளைப் பற்றிய செய்தியைக் கண்முன்னே ஓட்டும் செய்திக் கண்ணாடி போட்டவர்கள் யார் அவரைப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பும் உறுமியும்தான் வந்தன. பார்வை மங்கிய அவர் மனைவி கோமதிக்கு அந்தக் கண்ணாடிதான் கண். ஆறு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டாள். சாகும்போதும் சுவரைத்தான் பார்த்தாள்.

இப்போது அவர் போட்ட வழக்கு ஜெயித்துவிட்டது. கிருபாகரன் செய்ததே அவனுக்கும் தண்டனை. என்ன படம், யார் கண்ணாடியில் என்று ஆவுடையப்பன்தான் சொல்ல வேண்டும்.

கோர்ட்டு வராந்தாவில் கிருபாகரன் அவர் காலைப் பிடித்து அழுதான். "அண்ணாச்சி, ஊரே காறித் துப்பட்டும். வீட்ல மட்டும் வேண்டாம்."

"எந்திரிடே. அழுகைக்கு என்ன சத்தம் போடணும்னு யோசிக்கியோ?"

எழுதிக்கொள்ளக் காத்திருந்த குமாஸ்தாவிடம் திரும்பினார்.

"இவன் கல்யாணத்துல சிரிச்ச படத்தை எடும். பக்கத்துல என் கோமதி பாடையை வையும். உறுமி அதேதான்."

"ஊர்ல எல்லாருக்கும் காட்டணுமா?"

"ஊரு எனக்கு எதுக்குவே? இவன் பொண்டாட்டிக்கு மட்டும் காட்டும்."