பார்த்து வரைந்த கண்

இப்படியும் ஒரு புருஷனா என்று கண் வரைகிறவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

செயற்கைக் கண் செய்வது அவள் வேலை. அடிபட்டுக் கெட்டுப்போன கண்ணை டாக்டர் எடுத்துவிட்டு, குழிக்குள் சின்ன உருண்டை ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார். புண் ஆறியதும் அதன்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் கண்ணை, மிச்சமிருக்கும் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து இவள் வரைவாள்.

இன்று வந்தவளுக்கு இடது கண் போயிருந்தது. அலமாரிக் கதவில் மோதிக்கொண்டாளாம். சொன்னது புருஷன்தான். அவள் வாயே திறக்கவில்லை.

அவனோ தாங்கு தாங்கென்று தாங்கினான். நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தான். சொட்டு மருந்து போடும் நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பார்க்கிறவர்கள் யாருக்கும் வித்தியாசமே தெரியக் கூடாது என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

அவன் கை பட்டாலே அவள் விலகி உட்கார்ந்தாள். கொடுத்து வைத்த மகராசி, அருமை தெரியவில்லையே என்று கண் வரைகிறவளுக்கு எரிச்சலாக வந்தது. இவள் வீட்டுக்காரர், இவள் காய்ச்சலில் கிடந்தாலும் டி.வி.யை விட்டு எழுந்திருக்காத ஆசாமி.

சாயங்காலத்துக்குள் கண் தயார். கருவிழியின் பழுப்பு, ஓரத்தில் ஓடும் மெல்லிய சிவப்பு நரம்பு, எல்லாம் அச்சு அசல். பொருத்திப் பார்த்ததும் புருஷன் கண் கலங்கிவிட்டான்.

"இருக்கறது இனி ஒரே கண்ணு. பத்திரமா பாத்துக்கங்க சார்."

"அதான் நான் இருக்கேனே மேடம்," என்றவன், வண்டியை வாசலுக்கு எடுத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

கண் வரைகிறவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"தங்கமான மனுஷன்மா. அவர்கிட்ட கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசினா என்ன?"

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இதைப் பாத்துத்தானேக்கா அதை வரைஞ்சீங்க?"

"ஆமா."

"அப்ப இதுக்கும் ஒண்ணு இப்பவே வரைஞ்சு வெச்சிடுங்க."

கண் வரைகிறவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லா இருக்கிற கண்ணுக்கு எதற்கு இன்னொன்று என்று கேட்டாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த தடவை அவர் அடிச்சு இதுவும் போயிட்டா, நீங்க எதைக்கா பாத்து வரைவீங்க?"