மாமா சொல்லும் ‘சரி’

பட்டறையில் நாங்கள் நான்கு பேர். கவிழ்த்த பெட்டியின்மேல் மாமா, இன்ஜினை ஒட்டி. அடுக்கி வைத்த டயர்களின்மேல் அவர் மனைவி, அதாவது என் அக்கா, மடியில் ஹெல்மெட்டோடு. எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடும் மெக்கானிக் வண்டிக்குள், ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடி. மூலை மேசையில் நான், வெள்ளைத் தாளோடு.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கார் பந்தயம். வண்டி வருகிறதா இல்லையா என்று பந்தயம் நடத்தும் கிளப்புக்கு இன்றைக்கே கடிதம் போயாக வேண்டும். கூரியர்காரன் இப்போது வந்துவிடுவான், அப்போது வந்துவிடுவான் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி மாமா கேட்பார். அவர் ‘சரி’ என்ற பிறகுதான் நான் பேனாவைத் திறப்பேன். கடிதத்தின் அடியில் ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் அவருடையதுதான். வாசலில் நுழையும் காரின் சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொன்ன காது அது.

மாமா ஸ்க்ரூடிரைவரைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

டக், டக் என்று அடியிலிருந்து ஒரு சத்தம். மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே ஓடியது. மேசையிலிருந்த எனக்கே கேட்டது.

மாமா கண்ணைத் திறந்தார். “சரி. எழுது மாப்ள.”

என் காதில் விழுந்தது ஏதோ பிரமை என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். மாமா சொன்னபிறகு என் காதுக்கு என்ன மரியாதை?

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹெல்மெட்டை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். “ஏங்க, நேத்து ஓட்டும்போதே உள்ளேருந்து யாரோ கதவைத் தட்டற மாதிரி இருந்துச்சு.”

மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “திறந்து விட வேண்டியதுதானே? பயந்துட்டியா?”

“பயமா? உங்களைக் கட்டிக்கவே பயப்படாதவ நான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, மாமாவின் எதிரில் வந்து நின்றார். “அண்ணே, சூடானதும் ஆயில் பிரஷர் முள்ளு படுத்துடுது.” காலையில் கழற்றிய ஆயில் பில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் காட்டினார்.

கறுத்த எண்ணெயில் மினுமினுவென்று உலோகத் தூள்.

அது என்ன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இன்ஜினுக்குள் கிராங்கைத் தாங்குகிற பேரிங் அரைபடுகிறது. இப்படியே விட்டால் பந்தய வேகத்தில் இன்ஜின் இறுகி, பின்சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அப்போது உள்ளே இருக்கப்போவது அக்கா.

மாமா தூளை விரல்நுனியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் பிடிவாதம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

“இவ்வளவு தூள் வந்திருந்தா சத்தம் வந்திருக்கணுமே டாக்டர்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

டாக்டர், துணி எடுக்கப் போகிறவர்போல மாமாவின் முதுகுப்பக்கம் போனார். அங்கிருந்து சாதாரணக் குரலில் சொன்னார்.

“அண்ணே, ஷூ லேஸ் அவுந்திருக்கு பாருங்க.”

அக்கா மாமாவின் ஷூவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மாமா தூளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சுற்றி வந்து அவருக்கு எதிரே குந்தினார். அதே குரலில் அதையே சொன்னார். மாமா அவர் உதட்டைப் பார்த்தார். உடனே குனிந்தார்.

லேஸ் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது.

குனிந்தவர் நிமிரவில்லை. முடிச்சை ஒரு விரலால் தொட்டபடி அப்படியே இருந்தார்.

அக்கா டயரைவிட்டு இறங்கி நின்றாள். கூப்பிட்ட குரலுக்கு இந்த மனுஷன் திரும்புவதில்லை என்று அவள் போட்ட சண்டைகளுக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணியவன் நான். இரண்டு பேருமே தரையைப் பார்த்தோம்.

“பேரிங் போச்சு, வண்டி வராதுன்னு எழுது மாப்ள,” என்றார் மாமா, ஷூவிடம்.

எழுதினேன். விடுநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல். வழக்கம்போலத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

பேனாவை வாங்கினார். ‘பரிசோதித்தவர்’ என்ற சொல்லுக்கு மேலே அதன் முனை நின்றது. பிறகு பேனாவோடு தாளை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் கையைத் துணியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். “அண்ணே, நான் போய்...”

“போடுய்யா. உனக்குத்தானே கேட்டுச்சு.”

டாக்டர் போட்டார். அவ்வளவு துடைத்தும் ஓரத்தில் கட்டைவிரல் கறை விழுந்துவிட்டது. கறை பட்ட கடிதத்தை நான் அனுப்பியதே கிடையாது. அன்றைக்கு வேறு தாள் எடுக்கவில்லை.

மாமாவே மடித்து உறையில் போட்டார். பசை தடவி ஓரத்தை அழுத்த ஆரம்பித்தார்.

வாசலில் கூரியர்காரன் ஹார்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தான், இந்தத் தடவை நீளமாக.

மாமா ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தார்.

அக்கா கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டாள்.

நிமிர்ந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையை அவள் கையில் கொடுத்தார்.